கார்னெகியின் நூலகமும் தொழிலாளியின் பன்னிரண்டு மணி நேரமும்

"நூலக வள்ளல் கார்னெகி" என்று முதலாளித்துவ ஏடுகள் இன்றும் புகழ் பாடுகின்றன. உலகெங்கும் 2,500-க்கு மேற்பட்ட நூலகங்களுக்குப் பணம் கொடுத்தாராம். கொடுத்தார், நாம் மறுக்கவில்லை. அந்தப் பணம் யாருடையது என்றுதான் கேட்கிறோம்.

அமெரிக்காவில் அவர் கட்டிய முதல் நூலகத்தையே பார்ப்போம். பென்சில்வேனியாவில், மொனாங்கஹீலா ஆற்றங்கரையில் பிராடக் என்ற சிற்றூர். அங்கே அவருடைய எட்கர் தாம்சன் உருக்காலை. அதில் எட்டு மணி நேர வேலைமுறை இருந்தது. கார்னெகி ஆலையை மாதக்கணக்கில் பூட்டிப்போட்டார். 1888-ல் கதவு திறந்தபோது வேலை நேரம் பன்னிரண்டு மணி, சங்கம் ஒழிந்தது. மறு ஆண்டே, 1889-ல், நூலகம் திறந்தார்!

கட்டடம் என்னவோ கம்பீரமானதுதான். வில்லியம் ஹால்சி உட் என்ற சிற்பி வரைந்தது, கனத்த கற்சுவர்கள். அடித்தளத்திலே குளியலறைகள். கரியும் வியர்வையுமாக வரும் தொழிலாளி குளித்துவிட்டு மேலே போய்ப் படிக்கலாம். நல்ல ஏற்பாடு, குறை சொல்ல மாட்டோம். ஆனால் உலை முன்னே பன்னிரண்டு மணி நேரம் வெந்தவன், ஷிப்டு மாறும் நாளில் 24 மணி நேரம் ஒரே மூச்சாக நின்றவன், குளித்த பிறகு தேடுவது படுக்கையையா, புத்தகத்தையா? ஆலைத் தோழர்களே, உங்களுக்குத் தெரியாததா!

அதே 1889-ல் கார்னெகி ஒரு கட்டுரை எழுதினார். செல்வத்தைச் சிறு சிறு தொகையாக மக்களிடம் பகிர்ந்தால் வயிற்றுக்கும் ஆசைக்கும் செலவழித்து வீணாக்கிவிடுவார்களாம். பணக்காரன் கையில் சேர்ந்தால் ஊருக்கு நல்லது செய்வானாம். பிள்ளைக்குப் பால் வாங்கினால் வீண். அதே கூலியைப் பிடித்துவைத்து, கல்லாக அடுக்கினால் தர்மம்! இதுதான் வள்ளலின் வேதம்.

1892-ல் பக்கத்து ஹோம்ஸ்டெட் ஆலையில் கூலிக்குறைப்பை எதிர்த்துச் சங்கம் நின்றது. வள்ளல் ஸ்காட்லாந்தில் ஓய்வெடுத்தார். நிர்வாகி பிரிக் கூலிப்படையாக 300 பிங்கர்ட்டன் ஆட்களைப் படகில் இறக்கினார். ஜூலை 6 அன்று துப்பாக்கிச் சண்டை. தொழிலாளர் குறைந்தது ஏழு பேர் மாண்டனர். பிறகு 8,000-க்கும் மேற்பட்ட மாகாணப் படையினர் வந்தனர், சங்கம் நசுக்கப்பட்டது. 1893-ல் பிராடக் நூலகத்தோடு இசையரங்கும் நீச்சல் குளமும் சேர்ந்தன. 1898-ல் ஹோம்ஸ்டெட்டுக்கும் ஒரு நூலகம் வந்தது.

நமக்கு நூலகத்தோடு பகையில்லை. 1974-ல் பிராடக் நூலகம் பூட்டப்பட்டு, இடிக்கும் நிலைக்கு வந்தது. அப்போது எந்தக் கோடீஸ்வரனும் ஓடி வரவில்லை. அதன் கடைசி நூலகரும் ஊர் மக்களும்தான் அதைக் காப்பாற்றி மறுபடி திறந்தார்கள்.