கூகுளில் 'பெஸ்ட் லோன்' என்று தேடாதீங்க



2019-ல எனக்கு அவசரமா 3 லட்சம் தேவைப்பட்டது. அக்கா கல்யாணம். ராத்திரி பதினொரு மணிக்கு போனை எடுத்து 'பெஸ்ட் பர்சனல் லோன்' என்று கூகுளில் அடிச்சேன். முதல்ல வந்த லிங்க்கை தட்டினேன், மறுநாள் சாயங்காலம் பணம் அக்கவுண்ட்ல. 11 இஎம்ஐ கட்டின பிறகு போனஸ் வந்தது. லோனை முடிச்சிடலாம்னு போனா, ஃபோர்குளோஷர் சார்ஜ் 4 சதவீதம், அதுக்கு மேல 18 சதவீதம் ஜிஎஸ்டி என்றார்கள். பாக்கி அசல் 1,75,000. ஆக, என் கடனை நானே சீக்கிரம் அடைக்கிறதுக்கு 8,260 ரூபாய் தண்டம்! அக்ரிமென்ட்ல எல்லாம் இருந்தது, படிக்காதது என் தப்பு. ஆனா நான் தட்டின அந்த முதல் பக்கத்தில் இதைப் பற்றி ஒரு வரி கிடையாது.

'முதல்ல வருதுன்னா நல்லதாத்தான் இருக்கும்.' நான் ஏமாந்தது இந்த இடத்தில்தான். நீங்களும் இப்படித்தான் நினைக்கிறீங்கன்னா, தேடுபொறி எப்படி வேலை செய்யுதுன்னு கொஞ்சம் தெரிஞ்சுக்கணும்.

நீங்க தேடும் நொடியில் கூகுள் இணையம் முழுக்க ஓடுறது இல்ல. பக்கங்களை முன்னாடியே எடுத்து, புத்தகத்தின் கடைசியில் வரும் சொல்லடைவு மாதிரி, எந்தச் சொல் எந்தெந்தப் பக்கத்தில் இருக்குன்னு பட்டியல் போட்டு வச்சிருக்கு. அதில் உங்க சொற்களுக்குப் பொருந்தும் பக்கங்கள் கோடிக்கணக்கில் வரலாம். எதை மேலே வைப்பது?

இதுக்கு ஒரு அடிப்படை யோசனையை 1972-ல் கேம்பிரிட்ஜ் ஆராய்ச்சியாளர் காரென் ஸ்பார்க் ஜோன்ஸ் கொடுத்தார். எல்லா ஆவணத்திலும் வரும் சொல்லுக்கு மதிப்பு குறைவு, அபூர்வமா வரும் சொல்லுக்கு மதிப்பு அதிகம். கல்யாண மண்டபத்தில் 'மாப்பிள்ளைக்கு சொந்தக்காரர் யாரு?'ன்னு கேட்டா பாதி மண்டபம் திரும்பிப் பார்க்கும். 'தேனியில பஸ் கண்டக்டரா இருக்கிற மாமா'ன்னு கேளுங்க, ஒருத்தர்தான் எழுந்து வருவார். இன்றைய தேடுபொறிகளில் இதுக்கு மேல எத்தனையோ அடுக்கு வந்தாச்சு. ஆனாலும் இந்த யோசனை இன்னும் உயிரோடதான் இருக்கு.

இப்போ என் தேடலைப் பாருங்க. 'பெஸ்ட்', 'லோன்' ரெண்டுமே எல்லா கடன் பக்கத்திலும் இருக்கும் சொற்கள். எதையும் பிரிச்சுக் காட்டாது. அப்போ யார் மேலே வருவாங்க? மேலே வர்றதுக்காகவே உழைக்கிறவங்க, இல்லன்னா காசு கட்டினவங்க.

காசு விஷயத்தில் ஒரு பழைய கதை இருக்கு. 1998-ல் செர்கே பிரின், லாரி பேஜ் ரெண்டு பேரும் ஸ்டான்ஃபோர்டில் மாணவர்களா இருந்தப்போ கூகுளைப் பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதினாங்க. அவங்க மாதிரிப் பொறியில் 'செல்லுலார் போன்' என்று தேடினால், வண்டி ஓட்டும்போது போன் பேசுவதன் ஆபத்தைச் சொல்லும் ஓர் ஆய்வு முதலில் வந்ததாம். போன் கம்பெனி விளம்பரத்தில் பிழைக்கும் ஒரு தேடுபொறி இப்படிக் காட்டுவது கஷ்டம், அது விளம்பரதாரர் பக்கம்தான் சாயும் என்று அவங்களே எழுதினாங்க. 2000-ல் அதே கூகுள் ஆட்வேர்ட்ஸ் விளம்பரத்தை ஆரம்பிச்சது.

இன்னிக்கு நீங்க லோன்னு தேடும்போது பின்னாடி நொடிக்குள் ஓர் ஏலம் நடக்குது. கேட்கும் விலை, விளம்பரத்தின் தரம் எல்லாம் சேர்த்து இடம் கிடைக்கும். 'ஸ்பான்சர்ட்' என்று எழுதியிருக்கும், அவசரத்தில் யார் பார்க்கிறா? விளம்பரம் அல்லாத முடிவுகளில் காசுக்கு இடம் கிடையாதுன்னு கூகுள் சொல்லுது. சரி, ஏத்துக்கலாம். ஆனா அங்கே வரும் 'டாப் 10' பக்கங்கள் பலவும் நீங்க அப்ளை பண்ணினா கமிஷன் வாங்குறவை. உண்மையைச் சொல்லணும்னா, 'பெஸ்ட்'னு தலைப்பு வச்சா நம்ம சேனல் வீடியோவும் நல்லா ஓடும். நாங்களும் வச்சிருக்கோம்!

அதனால என் கருத்து இதுதான்: பண விஷயத்தில் விற்கிறவர் சொல்லை விட்டுட்டு, பத்திரத்தில் இருக்கும் சொல்லால் தேடுங்க. வங்கி பெயரோட 'ஃபோர்குளோஷர் சார்ஜஸ்', 'ஷெட்யூல் ஆஃப் சார்ஜஸ்' என்று அடிங்க. இன்சூரன்ஸுக்கு 'பாலிசி வேர்டிங்ஸ்', 'எக்ஸ்க்ளூஷன்ஸ்'. இந்தச் சொற்களை விளம்பரக்காரர் அதிகம் எழுத மாட்டார், ஒரிஜினல் ஆவணம்தான் எழுதும். கூடவே பிடிஎஃப் என்று ஆங்கிலத்தில் சேர்த்தா இன்னும் நல்லது. ஏஐ கிட்ட கேட்டுக்கலாம்னு நினைச்சா, அதுவும் பல நேரம் இதே பக்கங்களைத்தான் தேடிச் சுருக்கித் தருது.

ஒண்ணை மட்டும் தேடவே கூடாது, கஸ்டமர் கேர் நம்பர். மோசடிக்காரங்க போலி நம்பரோடு அங்கேதான் காத்திருப்பாங்க. கார்டுக்குப் பின்னாடி இருக்கும் நம்பரை எடுங்க. வங்கி இணையதளம்னா முகவரி 'பேங்க் டாட் இன்' என்று முடியுதான்னு பாருங்க. வங்கிகள் 2025 அக்டோபர் 31-க்குள் இதுக்கு மாறணும்னு ரிசர்வ் வங்கி உத்தரவு போட்டிருந்தது.

2019-ல எனக்குக் கிடைக்காத ஒண்ணு இப்போ உங்களுக்கு இருக்கு. 2024 அக்டோபர் 1 முதல், தனிநபர் கடன் தரும்போது வங்கியும் என்பிஎஃப்சியும் கேஎஃப்எஸ் என்ற தாளைக் கட்டாயம் தரணும். எல்லாக் கட்டணமும் சேர்ந்த வருட வட்டி, ஃபோர்குளோஷர் சார்ஜ் ரெண்டும் அதில் இருக்கும். அடுத்த வீடியோவில் அப்படி ஒரு தாளை வரி வரியா படிக்கப் போறோம். உங்க லோனோட கேஎஃப்எஸ் இருந்தா எடுத்துப் பக்கத்தில் வச்சுக்கோங்க.