ஆறு மணிக்கு மேல், ஹோட்டல் ரூமில்



கோடை விடுமுறை நெருங்கினால் வீட்டில் ஊர் சுற்றும் பேச்சு வந்துவிடும். ஊட்டியா, கொடைக்கானலா, மதுரை - ராமேஸ்வரமா? எந்த வண்டி, எங்கே சாப்பாடு, என்னென்ன பார்ப்பது என்று எல்லாம் பேசிவிடுவோம். ஒன்றரை, இரண்டு வயதில் குழந்தை உள்ள வீடுகளில் ஒன்றை மட்டும் விட்டுவிடுகிறோம். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் ரூமில் என்ன செய்யப் போகிறோம்?

பகலில் பிரச்னை இல்லை. பூங்கா, படகு, ஜன்னலோர சீட் என்று குழந்தை குஷியாகவே இருக்கும். ரூமுக்குத் திரும்பிய பிறகுதான் எல்லாம் ஆரம்பிக்கும். பசி, களைப்பு, பழகாத கட்டில், புது வாசனை. அழுகை ஓயாது. பக்கத்து ரூமில் என்ன நினைப்பார்களோ என்று நமக்குக் கூச்சம் வேறு.

ஆறிலிருந்து ஒன்பது வரையான இந்த நேரத்தைத்தான் பயணத் திட்டத்தில் முதலில் எழுத வேண்டும் என்பேன். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

உலக சுகாதார நிறுவனம் 2019-ல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, ஒன்று முதல் இரண்டு வயதுக் குழந்தைக்குப் பகல் தூக்கத்தையும் சேர்த்து ஒரு நாளைக்கு 11 முதல் 14 மணி நேரத் தூக்கம் வேண்டும். வீட்டில் எட்டரைக்குத் தூங்கும் பிள்ளை, ஊருக்குப் போனால் மட்டும் பத்தரை வரை சிரித்துக்கொண்டிருக்குமா? தூக்கம் தப்பிவிட்டால் அழுகைதான் மிஞ்சும். அது பிடிவாதமில்லை, அசதி.

அதனால் ரூம் பதிவு செய்யும்போதே வாய்விட்டுக் கேளுங்கள். கீழே கல்யாண மண்டபம் இருக்கிறதா? முகூர்த்த நாளில் மேளமும் ஜெனரேட்டரும் நள்ளிரவு வரை ஓயாது. வெந்நீர் எந்த நேரத்தில் வரும்? காலையில் மட்டும்தான் என்று சொல்லும் லாட்ஜ்கள் நிறைய உண்டு. குழந்தைக்கோ சாயங்காலம்தான் அது வேண்டும். ஒரு வாளி வெதுவெதுப்பான தண்ணீரில் குளிப்பாட்டிவிட்டு, வீட்டில் போடும் அதே பழைய பருத்திச் சட்டையைப் போட்டால் பாதித் தூக்கம் வந்துவிடும். புதுச்சட்டைகள் பகலுக்கு இருக்கட்டும்.

கட்டில் உயரமாக இருந்தால் எக்ஸ்ட்ரா பெட் வாங்கித் தரையில் போட்டுவிடுங்கள். உருண்டு விழுமோ என்ற பயம் இருக்காது. தூளியில் தூங்கிப் பழகிய குழந்தை என்றால் இன்னும் கஷ்டம். ஃபேன் கொக்கியிலோ திரைச்சீலைக் கம்பியிலோ சேலையைக் கட்டிப் பார்க்கும் யோசனை மட்டும் வேண்டாம். அவை அந்தப் பாரத்துக்காகச் செய்தவை அல்ல. அதே தூளிச் சேலையை விரித்து, அதன்மேல் படுக்கவைத்துத் தட்டிக்கொடுங்கள். கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே வீட்டில் பாயில் தூங்கவைத்துப் பழக்கினால் இன்னும் நல்லது.

சாப்பாட்டு விஷயம் உங்களுக்கே தெரியும். நம் ஊர் ஹோட்டல்களில் ராத்திரி டிபன்தான். குழைந்த ரசம் சாதம் கேட்டால் கிடைப்பது அபூர்வம். ரூமுக்கு வரவழைத்தால் எப்போது வரும் என்றும் சொல்ல முடியாது. ஆறரைக்கே பசிக்கும் குழந்தை அதுவரை பொறுக்குமா? சத்துமாவு, வாழைப்பழம், ஒரு சின்ன ஃபிளாஸ்க் இருந்தால் அந்தப் பசியைச் சமாளித்துவிடலாம். ரூமில் கெட்டில் இருந்தால், அதன் வயர் தொங்காமல் மேஜையின் உள்பக்கமாகத் தள்ளி வையுங்கள். எட்டி இழுக்கும் வயது அல்லவா?

கார்டைச் செருகினால்தான் லைட், ஃபேன் ஓடும் ஹோட்டல்களில், செக்-இன் செய்யும்போதே இன்னொரு கார்டு கேட்டு வாங்குங்கள். அப்பா இட்லி வாங்கக் கார்டோடு கிளம்பிப் போனால், உள்ளே தூங்கும் குழந்தை புழுக்கத்தில் எழுந்துவிடும்.

ஊட்டிக்குப் போகிறவர்களுக்குத் தனியாகச் சில வார்த்தைகள். கடல் மட்டத்திலிருந்து 2,200 மீட்டருக்கும் மேலே இருக்கும் ஊர் அது. மே மாதத்திலும் பொழுது சாய்ந்தால் குளிர் இறங்கிவிடும். மேட்டுப்பாளையத்திலிருந்து கொண்டை ஊசி வளைவுகள் ஏறி ராத்திரி எட்டு மணிக்குப் போய்ச் சேர்வதைவிட, நாலு மணிக்கே ரூமுக்குப் போகிற மாதிரி புறப்படுங்கள். வெளிச்சத்திலேயே குழந்தை அந்த ரூமைச் சுற்றிப் பார்த்துப் பழகட்டும். இன்னொன்று, அங்கே பல ரூம்களில் ஃபேன் இருக்காது. சமவெளியில் ஃபேன் சத்தத்திலேயே தூங்கி வளர்ந்த குழந்தைக்கு அந்த அமைதியே புதுசு. தாலாட்டோ, மெல்லிய முணுமுணுப்போ, ஏதாவது ஒரு சத்தம் கொஞ்ச நேரம் இருக்கட்டும்.

குளிருகிறதே என்று கரி அடுப்பை ரூமுக்குள் வைப்பது மட்டும் கூடவே கூடாது. ஜன்னலைச் சாத்திய ரூமில் கார்பன் மோனாக்சைடு சேர்ந்தால் நிறமோ மணமோ தெரியாது. தூக்கத்திலேயே உயிர் போய்விடும். கூடுதல் கம்பளி கேளுங்கள், தருவார்கள்.

செல்போனைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஒரு வயதுக் குழந்தைக்குத் திரையே வேண்டாம், இரண்டு வயதில் ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது என்கிறது மேலே சொன்ன அதே வழிகாட்டுதல். அலைந்து களைத்த நாளில் நாலு வாய் ஊட்டுவதற்காகப் பாட்டுப் போட்டுக் காட்டும் அம்மாவைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் லைட்டை அணைத்த பிறகு படுக்கையில் போன் வேண்டாம். பெரியவர்களுக்கு வெளிச்சம் தேவைப்பட்டால் பாத்ரூம் லைட்டைப் போட்டுக் கதவை லேசாகச் சாத்தி வைத்தாலே போதும்.

இனி, நான் முக்கியமாகக் கேட்க நினைத்தது. அந்த ரூமில் குழந்தையோடு இருக்கப்போவது யார்? பெரும்பாலும் அம்மா. பாட்டி கூட வந்திருந்தால் பாட்டி. மற்றவர்கள் கடைத்தெருவுக்கும் கோயிலுக்கும் போய்வர, இவர்கள் இருட்டில் உட்கார்ந்திருப்பார்கள். அவர்களும் ஆசைப்பட்டு, நாள் எண்ணிக் கிளம்பி வந்தவர்கள்தானே? ஒரு நாள் அம்மா, மறுநாள் அப்பா, அதற்கடுத்து சித்தப்பா என்று ஊரிலிருந்து கிளம்பும்போதே பேசிவைத்துக்கொண்டால் யாருக்கும் மனத்தாங்கல் வராது. ‘என்கிட்ட தூங்க மாட்டானே’ என்று சொல்லும் அப்பாக்கள், பயணத்துக்கு முன்பே வீட்டில் சில ராத்திரிகள் தூங்கவைத்துப் பழகிக்கொள்ளலாம்.

மதுரையையே எடுத்துக்கொள்ளுங்கள். மீனாட்சி அம்மன் கோயில் அதிகாலை ஐந்து மணிக்கே திறந்துவிடுகிறது. எட்டரைக்குத் தூங்கிய குழந்தை விடியும்போதே விழித்துக்கொண்டு விளையாடக் கூப்பிடும். அப்படியே குளிப்பாட்டித் தூக்கிக்கொண்டு போனால் வெயில் ஏறுவதற்குள் குடும்பத்தோடு தரிசனம் முடிந்துவிடும். ராத்திரி பள்ளியறை பூஜையைப் பார்க்க வேண்டும் என்பது பாட்டியின் பல நாள் ஆசையாக இருக்கும். அது முடிய ஒன்பது மணிக்கு மேல் ஆகும். அம்மாவும் பாட்டியும் நிதானமாகப் போய்ப் பார்த்து, திரும்பும் வழியில் ஒரு ஜிகர்தண்டாவும் குடித்துவிட்டு வரட்டும். அன்றைக்கு ரூமில் அப்பா இருக்கட்டும்.

அன்புடன்,
ஆசிரியர்