கடன் ரத்து, கணக்கை மூடுவது எப்போது?

செஞ்சிக் கோட்டையின் பெயர் இன்று உலகமறிந்த பெயர். மராட்டியர் காலக் கோட்டைகள் 12-ஐ யுனெஸ்கோ 2025 ஜூலையில் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அவற்றில் தமிழ்நாட்டில் இருப்பது செஞ்சி ஒன்றே. 1690-லிருந்து 1698 வரை மொகலாயப் படை இந்தக் கோட்டையை முற்றுகையிட்டுக் கிடந்தது. அந்த எட்டாண்டு முற்றுகைக்கும் ஒரு முடிவு நாள் இருந்தது. ஆனால் கோட்டை அடிவாரத்தில் நெல்லும் மல்லாட்டையும் விளைவிக்கிற கூலி உழைப்பாளியின் குடிசையைச் சூழ்ந்திருக்கும் கடன் முற்றுகைக்கு முடிவு நாள் இல்லை. “கடன் ரத்து” என்று சட்டமே சொன்ன பிறகும் இல்லை!

ஏன் இந்த நிலை? கடனை ரத்துச் செய்கிற சட்டம், கணக்கை மூடும் பொறுப்பை யார் தலையிலும் கட்டவில்லை. எந்தத் தேதிக்குள் மூட வேண்டுமென்றும் சொல்லவில்லை. இந்த ஓட்டை வழியாகத்தான் செத்த கடன் பேயாகத் திரும்பி வருகிறது.

‘மஞ்சள் நோட்டீஸ் கொடுத்துவிட்டான்’ என்று ஊரில் கேலி பேசுவார்கள். நோட்டீஸ் கொடுத்தால் கடன் தீர்ந்தது என்று கொடுத்தவனும் நினைக்கிறான், கேலி பேசுகிறவனும் நினைக்கிறான். இருவர் நினைப்பும் தவறு. நமது ஜில்லாக் கோர்ட்டுகளில் இன்றும் நடப்பில் இருப்பது வெள்ளைக்காரன் காலத்து 1920-ஆம் ஆண்டு மாகாண இன்சால்வென்சிச் சட்டம். அதன்படி மனுப் போடுவது முதல் படிதான். கோர்ட்டு ஒருவரை இன்சால்வென்ட் என்று தீர்ப்பளித்தால் அவர் சொத்து கோர்ட்டின் வசமோ ரிசீவரின் வசமோ போகும். விடுவிப்புக் கேட்டு மனுப் போட ஒரு கெடுவையும் கோர்ட்டு குறிக்கும். கெடு தவறினால் முதல் தீர்ப்பே ரத்தாகிவிடும். பாதுகாப்புப் போய், பழைய கடன்காரர்கள் மறுபடி வாசலில் நிற்பார்கள்.

கெடுவுக்குள் மனுப் போட்டு, விசாரணையில் நின்று, விடுவிப்பு உத்தரவும் வாங்கியாயிற்று என்று வைத்துக்கொள்வோம். சர்க்கார் பாக்கி, மோசடிக் கடன், ஜீவனாம்சம் போன்ற சிலவற்றைத் தவிர மற்றக் கடன்களிலிருந்து சட்டப்படி விடுதலை. அதற்குப் பிறகு? டிக்ரி நிறைவேற்றும் மனு ஒரு கோர்ட்டில் தூங்குகிறது. ஜப்தி பற்றிய பதிவு வில்லங்கச் சான்றில் நிற்கிறது. பாங்கியின் ஏட்டில் பெயர் ‘பாக்கிதாரர்’ என்றே இருக்கிறது. உத்தரவைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வாசலுக்கும் நடக்க வேண்டியவன் யார்? ஒருநாள் கூலி போனால் அடுப்பு எரியாத தொழிலாளி! கோர்ட்டுக்கு வாய்தா என்பது ஒரு தேதி. அவனுக்கு அது ஒருநாள் பட்டினி.

அதிகாரிகள் இதற்கு நியாயம் சொல்லுவார்கள். “அவசரப்பட்டு மூடினால் ஏமாற்றுக்காரன் தப்பிவிடுவான்” என்பார்கள். ஏமாற்றுக்காரனா என்று பார்க்கத்தான் விடுவிப்புக்கு முன்னே விசாரணை இருக்கிறது. கடன் கொடுத்தவர்கள் ஆட்சேபிக்கலாம். ரிசீவரின் அறிக்கையைக் கோர்ட்டு பார்க்கும். அத்தனையும் முடிந்து உத்தரவு வந்தபின் இன்னும் என்ன சந்தேகம்? சொத்து இருந்தால் அதைப் பங்கிட ரிசீவருக்கு நாள் பிடிக்கலாம். வேலை செய்யும் இரண்டு கையைத் தவிர வேறு சொத்தில்லாதவனிடம் எதைப் பங்கிடக் காத்திருக்கிறார்கள்?

கடன் நிவாரணம் என்ற பேச்சு புதிதல்ல. 1938-இல் ராஜாஜி மந்திரிசபை சென்னை மாகாண விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் கொண்டுவந்தது. அசலுக்கு இரட்டிப்பாகக் கட்டியவரின் பழைய கடன் தீர்ந்ததாகவே அந்தச் சட்டம் கருதியது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் நிலத்தில் விற்கத்தக்க உரிமை உள்ளவரே ‘விவசாயி’ என்றும் அது எழுதியது. சேற்றில் இறங்கி நாற்று நட்ட நிலமற்ற கூலியாள் அந்தச் சட்டத்தின் கண்ணில் படவில்லை.

2016-இல் மத்திய சர்க்கார் திவால் சட்டத் தொகுப்பைக் கொண்டுவந்தது. கம்பெனிகளுக்கான பகுதி அந்த ஆண்டிலேயே நடப்புக்கு வந்தது. பெரிய கம்பெனிகள் திவாலானபோது, ஒப்புக்கொள்ளப்பட்ட கடனில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் மீண்டு வந்தது. மீதியைப் பாங்கிகள் கைகழுவின. அதே தொகுப்பில் ஏழைக்கும் ‘புதிய தொடக்கம்’ என்று ஒரு அத்தியாயம் உண்டு. ஆண்டு வருமானம் 60,000 ரூபாய்க்கு மேலும், உடைமை 20,000 ரூபாய்க்கு மேலும், கடன் 35,000 ரூபாய்க்கு மேலும் போகக் கூடாது. சொந்த வீடும் இருக்கக் கூடாது. மாதம் 5,000 ரூபாய்க்குள் பிழைக்கிறவனுக்கு மட்டும் திறக்கிற குறுகிய வாசல் அது. அந்த வாசலைக்கூட இன்றுவரை திறக்கவில்லை! 2019 டிசம்பரில் கம்பெனிகளுக்கு ஜாமீன் நின்ற தனிநபர்களுக்கு மட்டும் தனிநபர் பகுதி அமலாயிற்று. முதலாளிக்கு உடனே அமல், கூலிக்காரனுக்கு அச்சடித்த காகிதம். வர்க்க நீதிக்கு வேறு அத்தாட்சி வேண்டுமா?

ஏழையின் கடனை நேராக ரத்துச் செய்யும் சட்டம் ஒன்றும் உண்டு. அது 1976-ஆம் ஆண்டுக் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம். 1975 அக்டோபர் 25 முதல் அமல். நமது ஜில்லாவிலிருந்து முன்பணம் வாங்கிச் செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் மரம் வெட்டுக்கும் போகிறவர்களுக்கு, முக்கியமாக இருளர் குடும்பங்களுக்கு, இது உயிர்ச் சட்டம். கொத்தடிமைக் கடன் அடியோடு அழிந்தது, அதற்காக வழக்குப் போட முடியாது, பழைய டிக்ரியும் தீர்ந்ததாகவே கொள்ளப்படும் என்கிறது சட்டம். அழிந்த கடனுக்குப் பணம் வாங்கினால் மூன்று ஆண்டுவரை சிறை. அது கொத்தடிமைக் கடன் அல்ல என்று நிரூபிக்க வேண்டியவனும் கடன் கொடுத்தவனே.

ஆனால் விடுதலைச் சான்று கையில் வந்தபின் நடப்பதென்ன? 2016-ஆம் ஆண்டு மறுவாழ்வுத் திட்டம் ஆணுக்கு 1 லட்சம், பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் 2 லட்சம், கொடுமை மிகுந்த வழக்குகளில் 3 லட்சம் ரூபாய் என்றது. உடனடி உதவி 20,000 ரூபாய்வரை. பின்னர் 30,000 ரூபாய்வரை உயர்ந்தது. பெருந்தொகையோ, குற்றவாளிக்குத் தண்டனை கிடைப்பதோடும் விசாரணை முடிவதோடும் முடிச்சுப் போடப்பட்டது. விசாரணையை இழுப்பது யார்? சூளை முதலாளியின் வக்கீல். பட்டினி கிடப்பது யார்? விடுதலையான குடும்பம். கையில் காசில்லாத குடும்பம் மறுபடி முன்பணத்துக்கே கை நீட்டும். தாமதம் அலுவலகச் சோம்பல் மட்டுமல்ல, தோழர்களே! அது முதலாளிக்குக் கூலியாள் சேர்த்துத் தரும் இயந்திரம்.

தேதி குறிக்கவே முடியாதா? முடியும். ரிசர்வ் பாங்கியே குறித்துக் காட்டியிருக்கிறது. 2023 செப்டம்பர் ஆணைப்படி, தனிநபர் கடன் முழுதும் தீர்ந்த 30 நாளுக்குள் பாங்கிகளும் நிதிக் கம்பெனிகளும் சொத்துப் பத்திரங்களைத் திருப்பித் தர வேண்டும். தங்கள் தவறால் தாமதித்தால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் கடனாளிக்குத் தர வேண்டும். கடன் தகவல் ஏட்டில் உள்ள பிழையைப் புகார் வந்த 30 நாளுக்குள் திருத்தாவிட்டால் நாளுக்கு 100 ரூபாய் என்று அதே ஆண்டு அக்டோபரில் இன்னொரு ஆணை வந்தது. பணம் கட்டித் தீர்த்தவனுக்குத் தேதி உண்டு, அபராதம் உண்டு. சட்டத்தால் தீர்ந்தவனுக்கு மட்டும் ஏன் இல்லை?

ஆகவே நமது கோரிக்கைகள் தெளிவானவை. விடுவிப்பு உத்தரவிலிருந்து 30 நாளுக்குள் ஜப்தி, டிக்ரி, பாங்கி ஏடு எல்லாவற்றையும் கோர்ட்டே தகவல் அனுப்பி மூட வேண்டும். தாமதித்தவர் தினசரி நஷ்டஈடு தர வேண்டும். கொத்தடிமை விடுதலைச் சான்றோடு மறுவாழ்வுத் தொகை முழுவதும் தரப்பட வேண்டும். முதலாளியின் வழக்கு தன் வழியே நடக்கட்டும். ‘புதிய தொடக்கம்’ அத்தியாயத்தை, வருமான வரம்பை உயர்த்தி, உடனே அமலாக்க வேண்டும்.

அதுவரை நாம் செய்ய வேண்டியதும் உண்டு. விடுவிப்பு உத்தரவின் சான்றிட்ட நகல் பல வாங்கி, ஒவ்வொரு இடத்திலும் எழுத்து மூலம் கொடுத்து ஒப்புகை பெறுங்கள். பழைய கடனுக்கு எவன் வந்து கேட்டாலும் புதிய புரோநோட்டில் கையெழுத்தோ கைநாட்டோ வைக்காதீர்கள். ஜாமீன் போட்ட தோழர்கள் ஒன்றை மறக்க வேண்டாம்: கடன்பட்டவரின் விடுவிப்பு ஜாமீன்தாரரை விடுவிக்காது. தொழிலாளியும் விவசாயியும் சொந்தமாகக் குடியிருக்கும் வீடும், கைவினைஞரின் கருவிகளும், தொழிலாளியின் கூலியும் ஜப்திக்கு உட்பட்டவையல்ல என்று சிவில் நடைமுறைச் சட்டத்தின் 60-ஆவது பிரிவு சொல்கிறது. அமீனா வந்தால் அந்தப் பிரிவைச் சொல்லுங்கள்.

தனி ஆளாக நாலு வாசல் நடந்தால் நாலு வாய்தாதான் கிடைக்கும். சங்கமாகப் போனால் அதே அலுவலகம் தேதி சொல்லும். விவசாயத் தொழிலாளர் சங்கக் கிளைகளும் ஆலைச் சங்கங்களும் தங்கள் ஊரில் விடுவிப்புப் பெற்றும் கணக்கு மூடாதவர்களின் பட்டியலை இந்த மாதமே எடுக்கட்டும். அந்தப் பட்டியலோடு கலெக்டர் அலுவலகத்தில் அணிவகுத்து நிற்போம். செத்த கடனுக்குக் காவல் காக்க இனி நாம் தயாரில்லை!