கொல்லிமலை எண்ணெயும் என் தலையும்

70 கொண்டை ஊசி வளைவு ஏறி கொல்லிமலைக்குப் போனா, எனக்குன்னே காத்திருந்த மாதிரி ஒரு மூலிகைக் கடை. "தடவிப் பாரு கண்ணு, மூணே மாசம்"னார் கடைக்காரர். அம்மா பர்ஸைத் திறந்தாச்சு.

ரெண்டு வருஷமா சீப்பு நிறைய முடி. கம்ப்யூட்டர் சூடு, போர் தண்ணி, நைட் ஷிப்ட்னு ஆளாளுக்கு ஒரு காரணம் சொன்னாங்க. புருவத்தோட ஓரமும் உதிர்ந்தப்புறம்தான் ஒரு டாக்டர் டி.எஸ்.ஹெச். பார்க்கச் சொன்னார். தைராய்டு குறைவு.

கோளாறு தலையில இல்லீங்க, கழுத்துல. அந்த ஹார்மோன் குறைஞ்சா நிறைய முடிவேர்கள் ஒரே நேரத்துல ஓய்வுக்குப் போயிடும். எண்ணெய் அதை எழுப்பாது. காலைல வெறும் வயித்துல தைராக்ஸின், அப்புறம் ஒரு மணி நேரம் காபி கிடையாது (தியாகம்னா இதுதான் :-)). டி.எஸ்.ஹெச். சரியானாலும் முடி திரும்ப மாசக்கணக்காகும். அதுக்குள்ள நாலு எண்ணெய் மாத்தியிருப்போம். மாத்திரை செஞ்ச வேலைக்கு நாலாவது எண்ணெய் பேர் வாங்கிக்கும்!

எண்ணெய்கூடப் பரவாயில்லை, தேய்ச்சா சுகம். முடிக்குன்னு விக்கிற பயோட்டின் மாத்திரை தைராய்டு டெஸ்ட் முடிவையே தப்பாக் காட்டலாம். சாப்பிடறவங்க டெஸ்டுக்கு முன்னாடியே டாக்டர்கிட்ட சொல்லிடுங்க.

"என்னடி முடியே இல்லை?"ன்னு கேட்டவங்க நூறு பேர். "ரத்தம் டெஸ்ட் பண்ணியா?"ன்னு ஒருத்தர் கேட்டிருந்தா எனக்கு ரெண்டு வருஷம் மிச்சம்.

அம்மா ரெண்டு பாட்டில் வாங்கினாங்க. ஒண்ணு அவங்களுக்காம்.