பறக்கும் ரயிலும் குன்னம் பஸ்ஸும்

நம்ம குன்னத்துக்கு ரயில்னா அரியலூர்தான். பெரம்பலூர் டவுனுக்கே ரயில் கிடையாதே! ராத்திரி அரியலூர்ல இறங்குறப்போ கடைசி பஸ் போயிருந்தா, அம்போ!

'சென்னைப் பசங்க லக்கிப்பா'ன்னு பொறாமையா? வெயிட். கடற்கரை - சேப்பாக்கம் பறக்கும் ரயில் 1995-ல் வந்தது. வேளச்சேரியைத் தொட்டது 2007-ல். பரங்கிமலைக்கான அடுத்த 5 கிலோமீட்டர், நிலச் சிக்கலில் வருஷக்கணக்கா நின்னது. ஓடின ரயிலும் காத்தாடுச்சு. ஏன்? ஸ்டேஷன் வாசலில் சரியான பஸ் வசதி இல்லை.

தண்டவாளம் மட்டும் போதாது பாஸ். இறங்கினவங்க வீடு போய்ச் சேரணும். அரியலூர் ரயில் நேரத்துக்கு ஒரு குன்னம் பஸ்... கேட்டு மனு போடலாமா? முதல் கையெழுத்து யாரோடது?