சின்ன பக்தானே என்று சும்மா இருக்காதீர்கள்!

லினக்ஸ் என்று பேச்செடுத்தாலே நம் வீடுகளில் இரண்டு கேள்விகள் வரும். "இலவசமா?" என்பது முதல் கேள்வி. "தமிழ் ஒழுங்காகத் தெரியுமா?" என்பது இரண்டாவது கேள்வி. முதல் கேள்விக்கு "ஆமாம்" என்று ஒரே வார்த்தையில் பதில் சொல்லிவிடலாம். இரண்டாவது கேள்விக்கான பதிலில் பாதி நம் கையில்தான் இருக்கிறது என்பது என் கருத்து. அது எப்படி என்று பார்ப்போம்.

இதை இப்போது எழுதக் காரணம் உண்டு. 2025 அக்டோபர் 14-ந் தேதியுடன் விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 போடலாம் என்றால் அது டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு சிப்பையும் ஓரளவு புதிய பிராசசரையும் கேட்கிறது. மயிலாப்பூரிலும் அடையாறிலும் தி.நகரிலும் எத்தனையோ வீடுகளில் கணக்கு எழுதவும், ரயில் டிக்கெட் எடுக்கவும், பேரக்குழந்தைகளுடன் வீடியோவில் பேசவும் பயன்படும் கம்ப்யூட்டர்கள் இந்தக் கணக்கில் தேறாது. அவற்றைப் பழைய சாமான் கடைக்கு அனுப்ப வேண்டியதில்லை. 4 ஜிபி ராம் உள்ள கம்ப்யூட்டரில்கூட ஏதாவது ஒரு லினக்ஸ் தாராளமாக ஓடும். ஆனால் அப்படி மாறுகிறவர்கள் சில வாரங்களில் திரும்பி வந்துவிடுகிறார்கள். பெரிய கோளாறு எதுவும் காரணமில்லை. எல்லாம் சின்னச் சின்னத் தொல்லைகள்தான்.

மயிலாப்பூரில் எனக்குத் தெரிந்த ஒருவர் வங்கியிலிருந்து ஓய்வு பெற்றவர். லினக்ஸுக்கு மாறினார். பிரிண்டர் வேலை செய்தது, இன்டர்நெட் வேலை செய்தது. ஆனால் கம்ப்யூட்டரை ஆன் செய்யும் ஒவ்வொரு முறையும் தமிழ்99 கீபோர்டு மறைந்து ஆங்கிலம் மட்டும் வந்து நிற்குமாம். தினமும் செட்டிங்ஸ் போய் மாற்றி மாற்றி அலுத்துவிட்டார். "யாரிடமாவது சொன்னீர்களா?" என்று கேட்டேன். "உங்களிடம்தான் சார் சொல்கிறேன்" என்றார்!

அவர் செய்ததைத்தான் நாம் எல்லோரும் செய்கிறோம். குறையைப் பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்வோம், டீக்கடையில் சொல்வோம். சரி செய்யக்கூடியவரிடம் மட்டும் சொல்ல மாட்டோம். தெருவிளக்கு எரியவில்லை என்றால் என்ன செய்ய வேண்டும்? மாநகராட்சியின் 1913 எண்ணுக்கு போன் செய்து, கம்பத்தில் எழுதியிருக்கும் எண்ணைச் சொல்ல வேண்டும். "எங்கள் தெரு இருட்டாக இருக்கிறது" என்று மட்டும் சொன்னால் ஆள் வந்து தேடிக்கொண்டிருப்பார். கம்ப எண்ணைச் சொன்னால் நேரே வந்து ஏறிவிடுவார். ஓப்பன் சோர்ஸ் ஆபரேட்டிங் சிஸ்டத்திலும் இதே கதைதான். டெபியன், உபுண்டு போன்ற ஒவ்வொன்றுக்கும் ஒரு பிழைப் பதிவேடு உண்டு. யார் வேண்டுமானாலும் அதில் ஒரு குறையைப் பதியலாம். பதிந்ததும் அதற்கு ஓர் எண் கிடைக்கும். அந்த எண்ணின் கீழேதான் புரோகிராமர்கள் விவாதிப்பார்கள், பேட்ச் அனுப்புவார்கள், கடைசியில் "முடிந்தது" என்று மூடுவார்கள். எண் இல்லாத குறைக்கு அங்கே மதிப்பில்லை.

"இவ்வளவு சின்ன விஷயத்தைப் போய்ச் சொல்வதா?" என்று தயங்குகிறீர்களா? உபுண்டுவை வெளியிடும் கெனானிக்கல் நிறுவனம் 2009-ல் 9.10 பதிப்புக்காக இதையே ஒரு தனித் திட்டமாக எடுத்துக்கொண்டது. பேப்பரின் ஓரம் விரலைக் கீறினால் எப்படி இருக்கும்? உயிர் போகாது, ஆனால் எரிச்சல் போகாது. அது மாதிரியான நூறு சின்னக் குறைகளைத் தேடிப்பிடித்துச் சரிசெய்வதுதான் திட்டம். சாதாரணப் பயனாளர் முதல் நாளிலேயே முட்டிக்கொள்ளும் குறையாக இருக்க வேண்டும், சுலபமாகச் சரி செய்யக்கூடியதாகவும் இருக்க வேண்டும் என்பது விதி. அதற்கு "பேப்பர்கட்" என்றே பெயர் வைத்தார்கள். ஆக, சின்னக் குறையைச் சொல்வது வெட்கப்படும்படியான காரியமே அல்ல.

இனி தமிழுக்கு வருவோம். நீங்கள் "கெ" என்று டைப் செய்யும்போது கம்ப்யூட்டர் அதை எப்படிச் சேமிக்கிறது தெரியுமா? யூனிகோட் முறைப்படி முதலில் "க", அதன் பின்னால் ஒற்றைக் கொம்பு. திரையில் காட்டும்போது கொம்பை முன்னால் தள்ளிக் காட்ட வேண்டியது ஆபரேட்டிங் சிஸ்டத்தின் வேலை. அந்த வேலை சரியாக நடக்காவிட்டால் கொம்பு தனியாக ஒரு புள்ளி வட்டத்தோடு தொங்கும். 2000-களில் லினக்ஸ் பயன்படுத்தியவர்களுக்கு அந்தப் புள்ளி வட்டம் நல்ல சிநேகிதம்! அப்போது க்னோம் பக்கம் "பாங்கோ" என்ற புரோகிராமும் கே.டி.ஈ. பக்கம் "க்யூட்டி"யும் இந்த வேலையைத் தனித்தனியாகச் செய்துவந்தன. ஒன்றில் சரியாக இருப்பது இன்னொன்றில் சரியாக இருக்காது. பின்னாளில் "ஹார்ஃப்பஸ்" என்ற பொது நூலகம் வந்தபின் ஓர் இடத்தில் திருத்தினால் பல இடங்களில் சரியாகும் நிலை வந்தது.

இந்தப் புரோகிராம்களை எழுதியவர்களில் பெரும்பாலோருக்குத் தமிழ் தெரியாது. கொம்பு இடம் மாறி நின்றால் அது தப்பு என்றே அவர்களுக்குத் தெரியாது. பார்த்தவுடன் "இது தப்பு" என்று சொல்லத் தமிழ் படிக்கத் தெரிந்த ஒரு ஆள் வேண்டும். அந்த ஆளுக்கு புரோகிராமிங் தெரிய வேண்டிய அவசியமில்லை.

இன்னொரு உதாரணம் பாருங்கள். "ஸ்ரீ" என்ற எழுத்தை முன்பு "ஸ" என்ற எழுத்தை அடிப்படையாக வைத்துச் சேமித்தார்கள். 2005-ல் யூனிகோட் 4.1 பதிப்பில் "ஶ" என்ற தனி எழுத்து சேர்க்கப்பட்டது. இப்போது "ஸ்ரீ"யை இரண்டு விதமாகவும் சேமிக்க முடியும். பல எழுத்துருக்களில் திரையில் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். ஆனால் கம்ப்யூட்டருக்கு அவை வேறு வேறு. தி.நகர் கடை ஒன்றின் வாடிக்கையாளர் பட்டியலில் "ஸ்ரீனிவாசன்" என்று தேடினால் சில ஸ்ரீனிவாசன்கள் கண்ணில் படாமலே போகலாம்! இப்படி ஒரு தொல்லை இருக்கிறது என்று தமிழ் தெரியாத புரோகிராமருக்கு எப்படித் தோன்றும்? நாம் சொன்னால்தான் உண்டு.

சொன்னால் என்ன நடக்கும் என்பதற்கு நல்ல உதாரணம் நம் ரூபாய்க் குறி. உதயகுமார் வடிவமைத்த அந்தக் குறியை மத்திய அமைச்சரவை 2010 ஜூலை 15-ல் ஏற்றுக்கொண்டது. கம்ப்யூட்டரில் அது வருவதற்குத் தேவைப்பட்டவை எல்லாமே சின்ன வேலைகள்தான். எழுத்துருவில் ஒரு வடிவம், கீபோர்டு அமைப்பில் ஒரு வரி, நாணயக் குறி எது என்று சொல்லும் பைலில் ஒரு வரி. உபுண்டு எழுத்துருவில் ஒரு பங்களிப்பாளர் அந்த வடிவத்தைச் சேர்க்க, 2010 அக்டோபர் 10-ந் தேதி வந்த உபுண்டு 10.10-லேயே ரூபாய்க் குறி இருந்தது. விண்டோஸ் 7-க்கான அப்டேட் 2011 மே மாதம்தான் வந்தது. மைக்ரோசாப்டிடம் ஆள் பலம் குறைவா என்ன? அக்கறை உள்ள ஒருவர் உள்ளே நுழைந்து ஒரு வடிவத்தைச் சேர்க்க ஓப்பன் சோர்ஸில் கதவு திறந்திருந்தது. வித்தியாசம் அவ்வளவுதான்.

"கதவு திறந்திருக்கிறது என்கிறீர்கள், ஆனால் ஒரு வரியை மாற்றவே வாரக்கணக்கில் வாதம் செய்கிறார்களே?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் அந்த வாதம் அவசியம் என்பேன். 2006-ல் டெபியனில் ஓப்பன் எஸ்.எஸ்.எல். என்ற பாதுகாப்பு சாப்ட்வேரைப் பராமரித்தவர் ஓரிரு வரிகளை எடுத்துவிட்டார். பிழை தேடும் ஒரு கருவி அந்த வரிகளைக் காட்டி எச்சரித்துக்கொண்டே இருந்ததுதான் காரணம். அவர் கேட்காமல் செய்யவில்லை, மூல புரோகிராமர்களிடம் கேட்டுத்தான் செய்தார். ஆனால் விஷயம் போதிய அளவு அலசப்படவில்லை. விளைவு? யாராலும் யூகிக்க முடியாதபடி உருவாக வேண்டிய ரகசியச் சாவிகள், ஒவ்வொரு வகையிலும் 32,768 அளவிலான சாத்தியங்களுக்குள் அடங்கிவிட்டன. 2008 மே மாதம்தான் இது வெளியே தெரிந்தது. டெபியனிலிருந்து உருவான உபுண்டுவும் சேர்ந்து மாட்டிக்கொண்டது. உலகம் முழுவதும் சாவிகளைப் புதிதாக உருவாக்க வேண்டியதாயிற்று. சின்னத் திருத்தம் என்பது வரிக் கணக்கில்தான் சின்னது.

அதனால்தான் லினக்ஸ் கெர்னலில் ஏற்கனவே வெளியான பதிப்புக்குத் திருத்தம் அனுப்ப விதி கறாராக இருக்கிறது. முன்பின் வரிகளையும் சேர்த்து 100 வரிக்கு மேல் போகக்கூடாது, சோதித்துப் பார்த்திருக்க வேண்டும். இன்னொரு நல்ல வழக்கமும் அங்கே உண்டு. பிழையைச் சொன்னவரின் பெயரையும் சோதித்துப் பார்த்தவரின் பெயரையும் திருத்தத்தின் அடியிலேயே எழுதிவிடுவார்கள். ஒரு வரிகூட புரோகிராம் எழுதாதவரின் பெயரும் கெர்னலின் வரலாற்றில் நிலைத்துவிடும்!

ஒரே இடத்தில் சொன்னால் எத்தனை பேருக்குப் பயன் என்பதையும் யோசியுங்கள். இது தலைமடை, கடைமடை விவகாரம். டெபியன் தலைமடை என்றால் உபுண்டு அதன் கால்வாய், லினக்ஸ் மின்ட் அதற்கும் அடுத்த வாய்க்கால். சென்னை சி-டாக் உருவாக்கி 2007-ல் வெளிவந்த "பாஸ்" லினக்ஸும் டெபியனை அடிப்படையாகக் கொண்டதுதான். தலைமடையில் தமிழைச் சரி செய்தால் அது அடுத்தடுத்த பதிப்புகள் வழியாகக் கடைமடை வரை வந்து சேரும்.

குறைகளையும் மறைக்க வேண்டாம். பதிந்த குறைகள் எல்லாம் உடனே சரியாகிவிடாது. சில ஆண்டுக்கணக்கில் பதிலின்றிக் கிடக்கும். சில புரோகிராமர்கள் வெடுக்கென்று பதில் சொல்வார்கள். பதிவேடுகள் ஆங்கிலத்தில் இருப்பது நம் வீட்டுப் பெரியவர்களுக்கு ஒரு தடை. இங்கேதான் உள்ளூர்க் குழுக்கள் உதவ வேண்டும். சென்னையில் 1998-ல் தொடங்கிய ஐ.எல்.யு.ஜி.சி. என்ற லினக்ஸ் பயனாளர் குழு, அடையாறை ஒட்டிய ஐ.ஐ.டி. வளாகத்தில் பல ஆண்டுகள் மாதந்தோறும் இரண்டாவது சனிக்கிழமை கூடியது. 2012-ல் தொடங்கிய "கணியம்" தமிழிலேயே இந்த விஷயங்களை எழுதியது. தமிழில் சொல்லப்படும் குறையை வாங்கி, ஆங்கிலத்தில் பதிந்து, வந்த பதிலைத் திரும்பத் தமிழில் சொல்லும் வேலையை நம் கல்லூரி மாணவர்கள் எடுத்துக்கொண்டால் என்ன? ஒரு மாணவருக்கு மாதம் இரண்டு குறை போதும். ஆபரேட்டிங் சிஸ்டத்தை இலவசமாகக் கொடுப்பது பாதி வேலைதான். அதைப் பயன்படுத்துபவரின் குறையைக் காது கொடுத்துக் கேட்பது மீதிப் பாதி.

சரி, குறையை எப்படி எழுதுவது? பெரிய ஆங்கிலம் வேண்டாம். எந்த லினக்ஸ், எந்தப் பதிப்பு என்று முதலில் எழுதுங்கள். என்னென்ன செய்தீர்கள் என்பதை 1, 2, 3 என்று வரிசையாகச் சொல்லுங்கள். என்ன வர வேண்டும், என்ன வந்தது என்று தனித்தனியாகக் குறிப்பிடுங்கள். எப்போதும் வருகிறதா, எப்போதாவது வருகிறதா என்பதையும் சேருங்கள். தமிழ் எழுத்தில் கோளாறு என்றால் தப்பான வடிவத்தின் ஸ்கிரீன்ஷாட்டையும், சரியான வடிவத்தைப் பேப்பரில் எழுதி எடுத்த போட்டோவையும் இணையுங்கள். தமிழ் தெரியாதவருக்கும் அது புரிந்துவிடும். ஒரு பதிவில் ஒரு குறை மட்டும் எழுதுங்கள். அதே குறையை வேறு யாராவது ஏற்கனவே பதிந்திருக்கிறார்களா என்று முதலில் தேடிவிடுங்கள். இருந்தால் "எனக்கும் வருகிறது" என்று உங்கள் பதிப்பு எண்ணோடு அதிலேயே சேர்ந்துகொள்ளுங்கள்.

முக்கியமான ஒன்று. "இந்தத் திருத்தத்தைப் போட்டுப் பாருங்கள்" என்று பதில் வந்தால் அலட்சியம் செய்யாதீர்கள். கேட்டவர் பதில் சொல்லவில்லை என்பதற்காகவே மூடப்படும் பதிவுகள் ஏராளம். சரியாகிவிட்டதா இல்லையா என்று ஒரு வரி எழுதிவிடுங்கள்.

இலவசமாகக் கொடுப்பவரிடம் குறை சொல்வது மரியாதையா என்று சிலர் கேட்கிறார்கள். கல்யாண வீட்டுப் பந்தியில் சாம்பாரில் உப்பு இல்லை என்றால் எல்லோரும் பேசாமல் சாப்பிட்டுவிட்டு எழுந்துபோவதா மரியாதை? பரிமாறுகிறவரிடம் மெதுவாகச் சொன்னால் அடுத்த பந்திக்காவது சரியாகுமே! அடுத்த பந்தியில் உட்காரப்போவது நம் வீட்டுப் பிள்ளைகள்தான். இந்த மாதம் உங்கள் கம்ப்யூட்டரில் உங்களை எரிச்சலூட்டும் ஒரே ஒரு தமிழ்க் குறையைப் பதிந்து, அதற்கான எண்ணை வாங்கி வையுங்கள்.