சாட்சிகளின் சௌகரியம்

மயிலாப்பூர் மொட்டை மாடிப் பேச்சு ஒன்றில் சமீபத்தில் மார்ட்டின் பூபரின் பெயர் நாலைந்து முறை உதிர்ந்தது. 'நான்–நீ' என்று சொல்லிவிட்டால் மேற்கொண்டு யோசிக்க வேண்டாம் என்பது நம்மிடையே சம்பிரதாயமாகிவிட்டது. அடையாறு பிரம்மஞான சபைத் தோட்டத்தில் 1925இல் ஒரு யூத ஆலயத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள், ஆலயம் எழும்பவில்லை. நம்முடைய பூபரும் அப்படியொரு கல்தான்.

1937இல் பிராங்க்ஃபர்ட் யூதக் கல்விக்கூடத்தின் பொறுப்பைப் பூபர் யாரிடம் ஒப்படைத்தாரோ, அந்த ஆப்ரஹாம் ஜோஷுவா ஹெஷலைப் பற்றி நான் ஆரம்பித்ததுமே, "அவர் ரப்பி ஐயா, மத சமாசாரம். இலக்கியத்துக்கு எதற்கு?" என்று நண்பர் வெட்டினார். நண்பரின் கட்சி தெரிந்ததே: கலைஞன் விலகி நிற்கும் சாட்சி, கொதிப்பவன் பத்திரிகைக்காரன்.

ரப்பிதான். 1907இல் வார்சாவில் ஹசிதிய குருமார்களின் வம்சத்தில் பிறந்தவர். ஆனால் அவருடைய முதல் புத்தகம் 1933இல் யித்திஷ் மொழியில் வந்த கவிதைத் தொகுதி. (மத சமாசாரம்!) 1938இல் ஜெர்மனி அவரைப் போலந்துக்குத் துரத்தியது. மறு வருஷம், ஹிட்லரின் படை நுழைவதற்குச் சில வாரங்கள் முன்னால் வார்சாவை விட்டுத் தப்பினார். தாயையும் மூன்று சகோதரிகளையும் யுத்தம் கொண்டுபோயிற்று.

இப்படிப்பட்டவர், அசையாத கடவுளிடம் ஆறுதல் தேடியிருந்தால் யாரும் குறை சொல்லமாட்டார்கள். ஹெஷல் எதிர்ப்பக்கம் போனார். பெர்லினில் ஆராய்ச்சியாகத் தொடங்கி 1962இல் ஆங்கிலத்தில் விரிந்த 'தீர்க்கதரிசிகள்' நூலின் மையமே, கடவுள் பரிதவிக்கிறார் என்பது. அரிஸ்டாட்டிலின் சலனமற்ற மூலகாரணத்துக்கும் இதற்கும் ஒட்டே இல்லை. தராசில் ஏழையை ஏய்க்கும் வியாபாரி நமக்குச் சில்லறை விஷயம். ஆமோஸுக்கு அது பிரளயம். தீர்க்கதரிசி கடவுளின் ஒலிபெருக்கியாக இருப்பதில்லை; அந்தப் பரிதவிப்பில் பங்காளியாகிறான், தன் குரலிலேயே பேசுகிறான். பிட்டுக்கு மண் சுமந்து, பிரம்படி பட்டு, அந்த அடியை ஊர் முழுவதற்கும் உறைக்க வைத்த கடவுளின் கதையைக் கேட்டு வளர்ந்த நமக்கு இது விளங்காமல் போனதுதான் விசித்திரம். மேற்கிலிருந்து 'விலகலை' மட்டும் இறக்குமதி செய்துகொண்டோம், சௌகரியமான சரக்கு.

ஹெஷல் இதை ஏட்டோடு நிறுத்தவில்லை. 1965 மார்ச்சில் அலபாமாவின் செல்மாவில், கறுப்பர்களின் வாக்குரிமைக்காக, மார்ட்டின் லூதர் கிங்குடன் முன்வரிசையில் நடந்தார். அந்த நடையையே பிரார்த்தனையாகக் கருதினார். பிறகு வியட்நாம் யுத்தத்தை எதிர்த்தார். சொந்தக் கூட்டத்தில் முணுமுணுப்பு கிளம்பியது. 1972இல் இறக்கும்வரை அவர் ஓயவில்லை.

அவரையும் பீடத்தில் ஏற்ற நான் தயாரில்லை. 1967 யுத்தத்துக்குப் பின் இஸ்ரேல் பற்றி எழுதிய நூலில் அரபு அகதிகளின் துயரத்துக்குக் கொடுத்த இடம் போதாது. பிறர் வலிக்கு அத்தனை கூர்மையாக இருந்த செவி அங்கே மந்தித்துவிட்டது. ஆனால் இந்தக் குறையைக் காணும் அளவுகோலை எனக்குத் தந்ததும் அவர்தான். 'சாட்சி'க் கட்சியிடம் அப்படியொரு அளவுகோல் கிடையாது. அதனால் அவர்கள் தவறுவதும் கிடையாது.

2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பின் அடையாற்றங்கரைக் குடிசைகளைப் பெயர்த்து, ஜனங்களைப் பெரும்பாக்கத்து அடுக்குமாடிகளுக்கு ஏற்றி அனுப்பினார்கள். நாம் அப்போதும் கவிதை எழுதிக்கொண்டுதான் இருந்தோம். ஆறு வந்தது; நிலவோடும் கொக்கோடும் வந்தது. அவற்றில் இரண்டு நான் எழுதியவை.